முன் இடது சக்கரம்

காரின் அடியில் மல்லாந்து படுத்திருந்த ஷமீமாவுக்கு வந்துபோகிறவர்களின் கால்கள் மட்டும்தான் தெரிந்தன. கணுக்காலுக்கு மேல் ஏற்றிக் கட்டிய கைலிகள், சென்னையிலிருந்து வந்து இன்னும் சாக்ஸைக்கூடக் கழற்றாத தம்பி சமீரின் பாதங்கள். கடைசியாக மாமியின் வெடித்த குதிகால்கள் வந்து காருக்குப் பக்கத்தில் நின்றன.

"அடியே, உள்ள உங்க அத்தாவக் குளிப்பாட்டிக்கினு இருக்காங்க. நீ இங்க கிரீஸ்ல பொரண்டுக்கினு கெடக்குற. பாக்குறவங்க இன்னா நெனப்பாங்க?"

"சந்தூக் வெளிய போவணும்ல மாமி."

"ஆம்பளைங்க கார ஓரமாத் தூக்கி வெக்க மாட்டாங்களா?"

"சக்கரமே இல்லாத கார எங்கன்னு தூக்குவாங்க?"

மாமியின் கால்கள் திரும்பிப் போயின.

செஞ்சியில், திருவண்ணாமலை சாலையில் முன்பக்கம் மெக்கானிக் ஷெட், பின்பக்கம் வீடு. வீட்டுக்குள் போகவும் வரவும் ஷெட் வழியாகத்தான் பாதை. அந்தப் பாதையை அடைத்துக்கொண்டு மில் கோதண்டராமனின் சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் நான்கு ஸ்டாண்டுகளின் மேல் நின்றது. இரண்டு பேர் மட்டும் உட்காரும் ஜப்பான் கார், முப்பது வருடப் பழசு. அதன் பழைய ஸ்பிரிங்குகளையும் ஷாக் அப்சார்பர்களையும் நேற்று மாலைதான் ஷமீமா கழற்றியிருந்தாள். புதியவை பெட்டியில் வந்து இறங்கியிருந்தன. இன்று காலையில் கோத்து மாட்டுவதாக இருந்தது. ஆனால் விடியற்காலையில் பஜர் பாங்கு முடிந்த கொஞ்ச நேரத்தில் அவளைப் பெற்ற அத்தா நசுருதீனின் மூச்சு நின்றுவிட்டது.

இறந்தவர் உடலான மையித்தைத் தூக்கிச் செல்லும் சந்தூக் பெட்டி உள்ளே வரும்போது காலியாக இருந்ததால் சுவரோரமாகச் சாய்த்துக் கொண்டுவந்துவிட்டார்கள். வெளியே போகும்போது அப்படிச் சாய்க்க முடியாது. காரை உருட்டி வெளியே தள்ள வேண்டும். அதற்குச் சக்கரம் வேண்டும், சக்கரத்தின் மேல் கார் உட்கார ஸ்பிரிங் வேண்டும். புதிய ஸ்பிரிங்கை ஷாக்கோடு கோக்கவே அரை நாள் ஆகும். பழையவை கோத்தபடியே மூலையில் கிடந்தன. எடுத்து போல்ட் போட்டால் போதும்.

எதிரே டீக்கடை வைத்திருந்த அரிகிருஷ்ணன் ஷெட் வாசலில் நின்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார். "ரெண்டு பேரு ஒக்கார்ற காரு. இத நகத்த இருவது பேரு. பாயி செத்தும் இந்த மனுசன் வண்டிக்கு வேல செய்ய வேண்டிதா இருக்குது."

யாரும் சிரிக்கவில்லை.

காரின் மூன்று மூலைகள் முடிந்துவிட்டன. முன் இடது பக்கம் மட்டும் பாக்கி. ஷமீமா ஸ்பிரிங்கோடு சேர்ந்த ஷாக்கை மேலே ஏற்றி, மேல் நட்டுகளை முறுக்கினாள். பிறகு கீழ் போல்ட். அந்த ஒரு போல்ட்தான் அந்தப் பக்கத்துப் பாரத்தைச் சக்கரத்தோடு பிடித்துவைப்பது. அதை நுழைத்து, நட்டை விரலால் திருகி, ஸ்பானருக்காகக் கையை நீட்டினாள்.

அப்போதுதான் அந்தக் குரல் கேட்டது.

"பாத்துப்பா, பாத்து. பெயிண்ட் மேல யாரும் கை வெக்காதீங்க. மோதிரம் கீதிரம் பட்டுச்சுன்னா கோடு வுழுந்துரும்."

வெள்ளை வேட்டியும் அதற்குக் கீழே செருப்பில்லாத, சிவந்த, கொழுத்த பாதங்களும். கோதண்டராமன் துக்க வீட்டுக்கு மரியாதையாகச் செருப்பைத் தெருவிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார்.

ஷமீமாவின் கை ஸ்பானரின் மேல் நின்றது. முகத்துக்கு நேர் மேலே அந்த ஸ்பிரிங் இருந்தது. அதன் அடிநுனி வெட்டுப்பட்டு, நெருப்பில் கறுத்து, ஆறு வருடத் துருவேறியிருந்தது. அந்த வெட்டைத்தான் அத்தா வெட்டியதாகச் செஞ்சி முழுக்கச் சொன்னார்கள்.

நடந்தது அவளுக்குத் தெரியும். ஆறு வருடங்களுக்கு முன் கோதண்டராமன் இதே ஷெட்டில் நின்று, கார் தரையோடு தரையாக இருந்தால்தான் அழகு, ஸ்பிரிங்கை வெட்டிக் குடுங்க பாயி என்றார். அத்தா முடியாது என்றார். அவர் வேறு எங்கேயோ கொண்டுபோய் வெட்டிக்கொண்டு, ஒரு வாரம் கழித்து ஆயில் மாற்ற மட்டும் இங்கே வந்தார். அத்தா குனிந்து பார்த்துவிட்டு, இத ஓட்டாதீங்க, ஒரு பள்ளத்துல எறங்குனா வண்டி உங்க பேச்சக் கேக்காது என்று சொன்னார். அடுத்த நாளே கோட்டை வளைவில், வேகத்தடையில் ஏறித் துள்ளிய கார் சாலையை விட்டு இறங்கி, புளியமரத்தடியில் சீத்தாப்பழம் விற்றுக்கொண்டிருந்த சின்னப்பொண்ணுவின் மேல் மோதி நின்றது. அவளுடைய வலது கால் அன்றிலிருந்து மடங்கவில்லை.

ஸ்டேஷனில் கோதண்டராமன் கைகூப்பிச் சொன்னார்: "எனக்கு ஓட்ட மட்டும்தாங்க தெரியும். ஸ்பிரிங் எது, சைலன்சர் எதுன்னுகூடத் தெரியாது. பாயி இன்னா பண்ணாரோ. கடைசியா கை வெச்சது அவர்தான்." அத்தா நாள் முழுக்க அங்கே பெஞ்சில் உட்கார்ந்திருந்துவிட்டு, நான் வெட்டல என்ற ஒரே வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொல்லிவிட்டு வந்தார். அதன்பிறகு கார்கள் ஷெட்டுக்கு வருவது நின்றுபோனது. டிராக்டர் வந்தது, ஷேர் ஆட்டோ வந்தது. பள்ளிவாசலில் முன்வரிசையில் நிற்பவர் கடைசி வரிசைக்குப் போனார். ஏன் என்று வீட்டில் யாரும் கேட்கவில்லை.

"முடிஞ்சுச்சாக்கா?" சமீர் குனிந்து கேட்டான். கண்கள் சிவந்திருந்தன. "அசர் தொழுகைக்கு முன்னாடி எடுக்கணுமாம்."

ஷமீமா ஸ்பானரைத் தரையில் வைத்தாள்.

"முடிஞ்சுது. சக்கரத்தக் குடு."

விரலால் திருகிய நட்டோடு அந்த போல்ட் அங்கேயே இருந்தது. உருட்டிக்கொண்டு போவதற்கு அது போதும். ஓட்டிக்கொண்டு போனால் அரை மைல் தாங்கலாம், ஒரு மைல் தாங்கலாம். கோட்டை வளைவு முக்கால் மைலில் இருந்தது.

*

காரைச் சாலையோர மண்ணில், டீக்கடைக்கு எதிரே தள்ளி நிறுத்தினார்கள். சந்தூக் வெளியே வந்தது. பெண்கள் அடக்கத்துக்குக் கபர்ஸ்தானுக்குப் போகிற வழக்கம் இல்லாததால் ஷமீமா ஷெட்டின் உள்கதவுக்குப் பின்னால் நின்றாள். அம்மா மெஹர் பானுவை உள்ளேயே பாயில் உட்காரவைத்திருந்தார்கள்.

அத்தாவின் மையித்துக்கு வந்தவர்களில் பாதிப் பேர் வேறு மதத்துக்காரர்கள். அவர்கள் தொழுகைக்குப் பள்ளிவாசலுக்கு வரப்போவதில்லை. அதனால் அங்கே கேட்க வேண்டியதை இங்கேயே, தெருவிலேயே கேட்டுவிடும்படி பெரியவர்கள் சமீரிடம் சொன்னார்கள். சந்தூக்கைக் கீழே வைத்தார்கள். சமீர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு முன்னால் வந்தான். ஐ.டி. கம்பெனியில் மணிக்கணக்காகப் பேசுகிறவனுக்குக் குரல் எழும்பவில்லை.

"எங்க அத்தா... தெரிஞ்சோ தெரியாமலோ யாருக்காவது கெடுதல் பண்ணியிருந்தா, யாரு மனசாவது நோக நடந்திருந்தா... அல்லாவுக்காக மன்னிச்சிடுங்க."

வழக்கமாக இந்த இடத்தில் எல்லோரும் தலையை ஆட்டுவார்கள். சிலர் மன்னிச்சோம் என்று முணுமுணுப்பார்கள். பிறகு பெட்டியைத் தூக்கிவிடுவார்கள். இன்றும் அப்படித்தான் முணுமுணுப்பு எழுந்து அடங்கியது. அடங்கிய பிறகு கோதண்டராமன் ஓரடி முன்னால் வந்து நெஞ்சில் கை வைத்தார்.

"நான் மன்னிச்சுட்டம்பா. எங்கார்ல அவர் பண்ணது எல்லாத்தையும் அன்னிக்கே மன்னிச்சுட்டேன். அதனாலதான மறுபடியும் இங்கியே வேலைக்குக் குடுத்தேன். மனுசன் நிம்மதியாப் போவட்டும்."

அடுத்து இன்னொரு குரல், தடியை ஊன்றிக்கொண்டு சுவரோரம் நின்றவளிடமிருந்து வந்தது.

"நானும் மன்னிச்சுட்டேன் பாயி."

சின்னப்பொண்ணு முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். ஆறு வருடமாக அவள் அத்தாவின் முகத்தைப் பார்த்துப் பேசியதில்லை. எதிரே வந்தால் தடியை மாற்றி ஊன்றிக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிவிடுவாள். இன்று யாரும் கூப்பிடாமல் வந்து நின்று, பெரிய மனதோடு அதைச் சொன்னாள்.

சமீர் இருவருக்கும் தலை குனிந்தான். அவனுக்கு வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. சந்தூக்கைத் தூக்கினார்கள். வெள்ளைத் தொப்பிகள் சிவப்புக் காரைச் சுற்றிக்கொண்டு நகர்ந்து, அமாவாசைக்கு விட்ட மேல்மலையனூர் ஸ்பெஷல் பஸ் ஒன்றுக்கு வழிவிட்டு ஒதுங்கி, மறுபடி சேர்ந்து, திருப்பத்தில் மறைந்தன.

கதவுச் சட்டத்தைப் பிடித்திருந்த ஷமீமாவின் விரல்களில் கிரீஸ் இன்னும் காயவில்லை. போல்டின் நினைவு வந்தது. வந்தபோது அவளுக்குப் பயமாக இல்லை. இதமாகத்தான் இருந்தது.

*

"கேட்டுச்சு," என்றார் அம்மா.

பெண்கள் யாசீன் அத்தியாயம் ஓதி முடித்து, ஆளுக்கொரு மூலையில் சாய்ந்திருந்தார்கள். அம்மாவின் காதிலிருந்தும் மூக்கிலிருந்தும் எல்லாவற்றையும் கழற்றியிருந்தார்கள். மூக்குத்தி இருந்த இடத்தில் ஒரு வெளிறிய புள்ளி தெரிந்தது.

"இன்னாம்மா கேட்டுச்சு?"

"அந்தாளு சொன்னது."

ஷமீமா பக்கத்தில் உட்கார்ந்தாள். இரண்டு பேரும் அத்தாவின் கட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கட்டிலுக்குக் கீழே அட்டைப் பெட்டி இருந்தது. நேற்று அது வந்தபோது அத்தா அதை ஷெட்டில் வைக்க விடவில்லை. கட்டில்மேல் வைக்கச் சொல்லி, பிரிக்கச் சொல்லி, மூச்சு வாங்க எழுந்து உட்கார்ந்து, ஒரு ஸ்பிரிங்கை மடியில் வைத்து மேலிருந்து கீழ்வரை விரலால் தடவிப் பார்த்தார். முழுசா இருக்குது என்று மட்டும் சொன்னார்.

அந்த ஸ்பிரிங்கைத் தேர்ந்தெடுக்க ஒரு மாதம் சண்டை நடந்தது. கோதண்டராமன் தன் போனிலிருந்து ஒரு படம் அனுப்பியிருந்தார். குட்டையான, மஞ்சள் நிற ஸ்பிரிங் செட். போட்டால் கார் தரையை நக்கும். சென்னை பார்ட்ஸ் கடை ஆள் இன்னொன்றைக் காட்டினான், உயரத்தைக் கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம், விலைதான் கொள்ளை. மூன்றாவது, கம்பெனியில் வந்த அதே உயரம், கொஞ்சம் விறைப்புக் கூடுதல். அத்தா மூன்றாவதைத்தான் காட்டினார். ஷமீமாவுக்கு அந்தக் காரைத் தொடவே விருப்பமில்லை. தொடத்தான் வேண்டுமென்றால் கோதண்டராமன் கேட்டதையே போட வேண்டும் என்றாள்.

"மஞ்சளையே போட்டு அனுப்பிடலாம் அத்தா. எங்கியாவது போயி முட்டிக்கட்டும்."

அத்தா கொட்டாவி விடுவது போல வாயைத் திறந்து மூச்சை இழுத்துக்கொண்டு, "இது நல்லா ஓடணும்மா," என்றார். "அதே வளைவுல, ஒரு குலுக்கலும் இல்லாம, எல்லாரும் பாக்க ஓடணும். அவன் பண்ணதுக்கு எனக்கு அது போதும்."

அதுவரை அத்தாவுக்கும் மனதில் தீர்க்க வேண்டிய கணக்கு ஒன்று இருந்தது என்பது அவளுக்குத் தெரியாது.

"எப்ப மாட்டுவ?" என்றார் அம்மா.

"இன்னாத்த?"

"அதத்தான்." கட்டிலுக்குக் கீழே கண்ணைக் காட்டினார்.

ஷமீமா விரல் இடுக்கில் இருந்த கிரீஸை நகத்தால் சுரண்டினாள். வெளியே பஸ்கள் போய்க்கொண்டிருந்தன. ஒவ்வொரு பஸ்ஸுக்கும் ஷெட்டின் தகரம் அதிர்ந்து அடங்கியது. கடைசியில் அம்மா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பினார்.

"உங்க அத்தா வெட்டலடி," என்றார் சுவரிடம், இத்தனை வருடத்தில் யாருமே சொல்லாததைச் சொல்வது போல.

*

கபர்ஸ்தானிலிருந்து ஆண்கள் திரும்பியபோது வெயில் சாய்ந்திருந்தது. ஷெட்டுக்கு முன்னால், சாலையோரப் பந்தலின் கீழே பிளாஸ்டிக் நாற்காலிகள். வீட்டில் அடுப்பு மூட்டக்கூடாது என்பதால் அரிகிருஷ்ணன் டீயைத் தூக்கில் கொண்டுவந்து ஊற்றிக்கொண்டிருந்தார். சின்னப்பொண்ணு போகாமல் ஒரு முக்காலியில் உட்கார்ந்து, மடங்காத காலை முன்னால் நீட்டியிருந்தாள். அமாவாசைக் கூட்டம் குறைந்தால்தான் அவளால் பஸ் ஏற முடியும்.

கோதண்டராமன் காரைச் சுற்றிவந்து கதவுகளை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். பிறகு ஷெட்டுக்குள் வந்தார். ஷமீமா பெட்டியை அங்கே கொண்டுவந்து வைத்திருந்தாள்.

"இன்னிக்கிப் பேசக்கூடாதுதான்," என்றார் தணிந்த குரலில். "நைனா போன துக்கம் எனக்கும் இல்லியா. ஆனா பாரு, ஞாயித்துக்கெழம பாண்டிச்சேரியில பழைய கார் ஊர்வலம். பேரு குடுத்துட்டேன். புதுசு வந்துடுச்சாமே?"

"வந்துடுச்சு அண்ணே."

அவர் குனிந்து ஒரு ஸ்பிரிங்கை எடுத்தார். முகம் மாறியது.

"இன்னாம்மா இது, இவ்ளோ ஒசரம்? நான் படம் அனுப்பல?"

"அத்தா இதத்தான் வாங்கச் சொன்னாங்க."

"அவர் சொல்லுவாரு. இதப் போட்டா வண்டி ஒட்டகம் மாதிரி நிக்கும். ஊர்வலத்துல எவன் பாப்பான்?" ஸ்பிரிங்கைக் கையில் சுழற்றினார். பழக்கப்பட்ட கை போல விரல்கள் சுற்றுகளை எண்ணிக்கொண்டு இறங்கின. பிறகு வாசலைத் திரும்பிப் பார்த்துவிட்டு நெருங்கி வந்தார். "ஒண்ணு பண்ணு பாப்பா. இத வெட்டிக் குடு. நைனா இருந்தா தகராறு பண்ணுவாரு. இப்பத்தான்..."

மீதியைச் சொல்லாமல் விட்டார்.

ஷமீமா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். சரி என்று தலையை ஆட்டினால் போதும். கிரைண்டர் அந்த மேஜைமேல்தான் இருந்தது. அவர் வாயாலேயே கேட்டு வாங்கிக்கொண்டு போவார். வளைவில் மிச்சத்தை வண்டி பார்த்துக்கொள்ளும். அல்லது அதற்குக்கூடக் காத்திருக்க வேண்டாம், அந்த போல்ட் இருக்கிறது. ஆனால் அவர் போய்விட்டால் அந்த வார்த்தை நிற்கும். நெஞ்சில் கை வைத்துச் சொன்ன அந்த மன்னிப்பு, அத்தாவின் கபர்மேல் மண்ணைப் போல ஏறி உட்கார்ந்துகொள்ளும். செத்தவர் இரண்டு பேராகிவிட்டால் பிறகு யாரிடம் போய் எதைக் கேட்பது?

"வெட்டிடலாம் அண்ணே," என்றாள். "எவ்ளோன்னு எனக்குத் தெரியாது. இங்க இருட்டா இருக்குது. வெளிய வாங்க, கோடு போட்டுக் குடுங்க."

ஸ்பிரிங்கைத் தூக்கிக்கொண்டு அவள் முன்னால் நடந்தாள். அலமாரியிலிருந்து ஒரு சாக்பீஸை எடுத்துக்கொண்டாள். பந்தலின் நடுவே, டீ கிளாஸ்கள் இருந்த மேஜையில் இடம் ஒதுக்கி, ஸ்பிரிங்கை நிமிர்த்தி வைத்தாள். பேசிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்தினார்கள். சமீர் எழுந்து, "அக்கா, இப்ப எதுக்கு இது?" என்றான்.

"அண்ணனுக்கு அவசரம்."

கோதண்டராமன் கொஞ்சம் தயங்கினார். ஆனால் சாக்பீஸ் கைக்கு வந்துவிட்டது, ஸ்பிரிங் கண்ணெதிரே நின்றது. அவருக்கு இதைவிடப் பிடித்த வேலை கிடையாது.

"இதோ, கீழேருந்து..." குனிந்து எண்ணினார்.

"போன தடவ எத்தன சுத்து அண்ணே?" என்றாள் ஷமீமா. டீ வேண்டுமா என்று கேட்கிற குரல்.

"போன தடவ ரெண்டர. அதான் ஜாஸ்தியாப் பூடுச்சு. நான் ரெண்டுதான் சொன்னேன், அந்த திண்டிவனம் லேத்துக்காரன் அர சுத்து சேத்து வுட்டுட்டான். அதுவும் கேஸ் கட்டர் வெச்சு வெட்னான் மடையன். நீ கிரைண்டர்லயே வெட்டு. ஒன்னர போதும்."

"எங்க அத்தா எத்தன சொன்னாங்க?"

"அவரா? அவர் ஒரு சுத்துகூட வெட்ட மாட்டேன்னு ஒத்தக் கால்ல..."

சாக்பீஸ் கம்பியின்மேல் நின்றது.

அரிகிருஷ்ணன் தூக்கைச் சாய்த்தபடியே நின்றதில் ஒரு கிளாஸ் நிறைந்து வழிந்து, டீ மேஜையில் ஓடி, ஸ்பிரிங்கின் அடியைத் தொட்டது. கோதண்டராமன் நிமிரவில்லை. குனிந்த நிலையிலேயே, தான் சொன்னதை யார் யார் கேட்டிருப்பார்கள் என்று கணக்குப் போடுவது போல இருந்தது.

"அப்ப பாயி வெட்டலியா?" என்றாள் சின்னப்பொண்ணு.

அவள் யாரையும் பார்த்துக் கேட்கவில்லை. சமீர் மெல்ல நாற்காலியில் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டான்.

கோதண்டராமன் சாக்பீஸை மேஜையில் போட்டார். கைகளைத் தட்டினார்.

"சாவு வூட்ல வந்து பழசெல்லாம் எதுக்கு..."

"நீங்கதான் அண்ணே வந்தீங்க."

"சரி. வேல ஒண்ணும் வேணாம். என் வண்டிய நான் எட்த்துக்கினு போறேன். இருக்கிற ஸ்பிரிங்கே போதும்."

யாரும் தடுக்கவில்லை. எழுந்திருக்கவும் இல்லை. அவர் நாற்காலிகளுக்கிடையே கால் இடறிக்கொண்டு போய்க் காரின் கதவைத் திறந்து உட்கார்ந்தார். சாவியைத் திருகினார். பழைய எஞ்சின் ஒரு முறை இருமிவிட்டுப் பிடித்துக்கொண்டது.

ஷமீமா நின்ற இடத்திலிருந்து முன் இடது சக்கரம் நேராகத் தெரிந்தது. அவளுக்கு வேண்டியது எல்லாம் கிடைத்துவிட்டது. இன்னும் ஒன்று, கேட்காமலேயே, அந்தச் சக்கரத்துக்குப் பின்னால் காத்திருந்தது. அவள் ஒன்றும் செய்ய வேண்டாம். சும்மா நின்றால் போதும்.

நின்றாள்.

கார் சாலைப் பக்கம் முகத்தைத் திருப்பியது. சாலையில் ராஜகிரிக் கோட்டையிலிருந்து இறங்கிய ஆட்கள் தண்ணீர் பாட்டிலோடு நடந்துகொண்டிருந்தார்கள். வளைவில் இந்நேரத்துக்குச் சீத்தாப்பழக் கூடைகள் வந்திருக்கும். சின்னப்பொண்ணுவின் இடத்தில் இப்போது அவள் மகள் கலைமதி உட்காருகிறாள். முக்காலியிலிருந்து நீண்டிருந்த அந்தக் கால், குதிகால் தரையில் ஊன்றி, விரல்கள் வானத்தைப் பார்க்க, அசையாமல் இருந்தது.

ஷமீமா ஓடவில்லை. ஆனால் கார் சாலையைத் தொடுமுன் அதன் முன்னால் போய் நின்றுவிட்டாள்.

"நிறுத்துங்க அண்ணே. முன்னாடி எடது பக்கம் ஒரு போல்ட் பாக்கி இருக்குது."

"இன்னா பாக்கி?"

"மத்தியானம் முறுக்கல. வெறும் வெரல்ல வுட்டு வெச்சிருக்கேன்."

கோதண்டராமன் அவளைப் பார்த்தார். பிறகு சாலையைப் பார்த்தார். அது எந்த போல்ட் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. முகத்திலிருந்த ரத்தம் கீழே இறங்குவது கண்ணாடி வழியாகவே தெரிந்தது.

"மறந்துட்டியா?" என்றார். "இல்ல..."

அவள் உள்ளே போய் ஜாக்கியையும் ஸ்பானரையும் எடுத்துவந்தாள். அவர் எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கக் கதவைத் திறந்தபோது கார் ஏற்கெனவே ஒரு பக்கம் எழும்பியிருந்தது.

"எறங்காதீங்க அண்ணே. மண்ணு மேல ஜாக்கி நிக்குது. நீங்க அசைஞ்சா சரிஞ்சிரும்."

அவர் கதவை மெதுவாகச் சாத்திக்கொண்டார்.

அவள் சக்கரத்தைக் கழற்றினாள். உருட்டிக்கொண்டு போய்ப் பந்தல் காலில் சாய்த்துவைத்தாள். திரும்பி வந்து முழங்காலிட்டாள். அதற்குள் பந்தலிலிருந்து தடியூன்றும் சத்தம் கேட்டது. சின்னப்பொண்ணு ஒரு கையால் முக்காலியை இழுத்துக்கொண்டு வந்தாள். யாரோ உதவப் போனதற்குத் தலையை ஆட்டி மறுத்துவிட்டாள். காரின் முன்கண்ணாடிக்கு நேராக அதைப் போட்டு, உட்கார்ந்து, இரண்டு கைகளாலும் அந்தக் காலைத் தூக்கி முன்னால் நீட்டிக்கொண்டாள். பிறகு கண்ணாடிக்குள் பார்த்தாள்.

கோதண்டராமன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். பார்ப்பதற்கு அவருக்கு வேறு திசை இல்லை.

"அண்ணே," என்றாள் ஷமீமா, அரிகிருஷ்ணனிடம். "சின்னப்பொண்ணு அக்காவுக்கு ஒரு டீ குடுங்க. நேரமாவும்."

வெயில் மலை உச்சியை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தது. அவள் ஸ்பானரை மாட்டிக் கால் சுற்று திருப்பினாள். பிறகு அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, துணியால் விரல்களை ஒவ்வொன்றாக, அவசரமில்லாமல் துடைக்க ஆரம்பித்தாள்.